பசிபிக் பெருங்கடலும் நம் இரு மழைகளும்

‘எல் நினோ’ என்னும் சொல் இந்நாளில் செய்தித்தாள் படிப்பார் யாவர்க்கும் பழக்கமாகிவிட்டது. பங்குனி, சித்திரை மாதங்களில் அச்சொல் பத்திரிகைகளில் தலைகாட்டத் தொடங்கியதும், ‘இவ்வாண்டு மழை இல்லை’ என்று பலர் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். வணிகர் பருப்பின் விலையை எண்ணுகின்றனர். உழவர் வானத்தை நோக்குகின்றனர். பல்லாயிரம் மைலுக்கு அப்பால், நம்மவருள் மிகச் சிலரே கண்டிருக்கக் கூடிய ஒரு கடலில், நீர் சிறிது சூடேறினால் நம் நாட்டு வயல் வறள்வது ஏன் என்பது கேட்கத் தக்க கேள்வியே. அதனினும் கேட்கத் தக்கது பிறிதொன்று உண்டு. வட இந்தியாவின் மழையைக் குறைக்கும் அதே வெப்பம், தமிழ்நாட்டின் ஐப்பசி கார்த்திகை மழையைப் பெரும்பாலும் மிகுவிக்கின்றது. இவ்விரண்டும் ஒரே காரணத்தினின்று எழுவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம். யாம் தமிழ் பயிலும் மாணவரேயன்றி வானிலை நூல் வல்லாரல்லோம். எனினும் சோறு உண்பார் எல்லார்க்கும் மழையைப் பற்றி வினவும் உரிமை உண்டன்றோ?

பெயரிலிருந்தே தொடங்குவோம். ‘எல் நினோ’ என்பது ஸ்பானிய மொழியில் ‘ஆண் குழந்தை’ எனப் பொருள்படும். சிறப்புப் பெயராக வழங்குமிடத்து அது பாலன் இயேசுவைக் குறிக்கும். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பெரு நாட்டுக் கடல், பூமத்திய ரேகைக்கு அணித்தாக இருந்தும், குளிர்ந்த கடலாகும். ஆழத்திலுள்ள குளிர்நீர் அங்கே இடையறாது மேலெழுகின்றது. அந்நீரோடு உரச்சத்தும் மேலே வருதலால் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு நெத்திலி இனத்து மீன்கள் கோடி கோடியாய்ப் பெருகுகின்றன. அம்மீனை உண்டு கடற்பறவைகளும், அம்மீனைப் பிடித்து மனிதரும் வாழ்கின்றனர். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் திருநாளை ஒட்டி, வடக்கிலிருந்து வெப்ப நீரோட்டம் ஒன்று சிறிது காலம் அக்கரையோரமாகப் பாய்வதைப் பைத்தா துறைமுகத்து மாலுமிகள் கண்டு, அதற்குப் ‘பாலன் நீரோட்டம்’ என்று பெயரிட்டு வழங்கினர். இச்செய்தியைக் கமிலோ கரியோ என்னும் கப்பல் தலைவர் 1892-இல் லிமா நகரத்துப் பூகோளக் கழகத்தார்க்கு எடுத்துரைத்தார்.

சில ஆண்டுகளில் மட்டும் அவ்வெப்பம் சில வாரங்களில் நீங்காது, மாதக்கணக்கில் தங்கிவிடும். அப்போது மீன் மறையும். பறவைகள் பட்டினியால் மடியும். மழையையே அறியாத பாலை நிலத்தில் வெள்ளம் பாயும். நாளடைவில் இப்பெரு வெப்பத்திற்கே அப்பெயர் உரியதாயிற்று. 1970-இல் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டன் நெத்திலி பிடித்த பெரு நாட்டார், 1972-இல் வந்த வெப்பத்தின் பின், 1973-இல் 20 லட்சம் டன்னும் பிடித்திலர். அளவிறந்து பிடித்ததும் அவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணமே. பழி முழுவதையும் கடலின் மேல் ஏற்றுதல் நேர்மையன்று. இனி, பெருங்கடல் வழக்கத்தினும் மிகக் குளிர்ந்து நிற்கும் நிலையை ‘லா நினா’, அதாவது ‘சிறுமி’, என்பர். அப்பெயர் பிற்காலத்து அறிஞர் இட்டது. மாலுமிகளுக்கு அதில் பங்கில்லை.

கடல் இங்ஙனம் நிலைமாறுவது எதனால்? பூமத்திய ரேகையை ஒட்டிப் பசிபிக் பெருங்கடலின் மேல் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வியாபாரக் காற்று ஓயாது வீசுகின்றது. அகன்ற தட்டிலுள்ள நீரை ஒரு புறமிருந்து ஊதினால் மறுபுறத்தில் நீர் சற்று உயர்வதைக் காண்கின்றோம். அதுபோலவே, வெயிலால் சூடேறிய மேல்நீரை இக்காற்று மேற்கே தள்ளி, இந்தோனேசியத் தீவுகளின் பக்கம் குவிக்கின்றது. அங்குக் கடல் மட்டம் தென் அமெரிக்கக் கரையிலுள்ளதைக் காட்டிலும் ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்திருக்கும். நீரின் வெப்பமும் ஏறத்தாழ 8 டிகிரி மிகுந்திருக்கும். மேல்நீர் விலகிய கிழக்குப் பக்கத்திலே, அவ்விடத்தை நிரப்பக் கீழ்நீர் எழுகின்றது. பெரு நாட்டுக் கடலின் குளிர்ச்சிக்கு இதுவும் காரணம்.

வெப்பமான கடலின் மேல் காற்று இலேசாகி மேலெழும், மேகம் திரளும், மழை பொழியும். ஆகவே இந்தோனேசியப் பக்கத்தில் காற்று எழுகின்றது. எழுந்த காற்று உயரத்தில் கிழக்கு நோக்கிச் சென்று, குளிர்ந்த கிழக்குப் பசிபிக்கின் மேல் இறங்கி, மீண்டும் கடல்மட்டத்தில் வியாபாரக் காற்றாக மேற்கே வருகின்றது. ஏற்றக் கிணற்றின் சால் போல ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கும் இச்சுழற்சியில் ஒரு விந்தை உண்டு. கடலின் வெப்ப வேறுபாடு காற்றை வீசச் செய்கின்றது. காற்று வீசுதலால் அவ்வெப்ப வேறுபாடு நிலைக்கின்றது. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இரண்டனுள் ஒன்று தளர்ந்தால் மற்றதும் தளரும். காற்று சிறிது மெலிந்தால், மேற்கே குவிந்த வெந்நீர் கிழக்கே வழிகின்றது. அது வழிதலால் வெப்ப வேறுபாடு குறைகின்றது. அது குறைதலால் காற்று இன்னும் மெலிகின்றது. இவ்வாறு முற்றிய நிலையே எல் நினோ. இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது தோன்றும், பெரும்பாலும் மார்கழியை ஒட்டி உச்சம் அடையும், பின்னர் தணியும். நடுப் பசிபிக்கில் நீரின் வெப்பம் சராசரியினும் அரை டிகிரி மிகுந்து பல மாதம் நின்றாலே எல் நினோ எனக் கணிப்பர். வலிய எல் நினோவில் அது 2 டிகிரியையும் கடக்கும். அரை டிகிரி என்பது கையை நீரில் வைத்து உணர முடியாத அளவு. ஆயின், பூமியின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள கடற்பரப்பு அந்த அரை டிகிரி ஏறினால், மழை பொழியும் இடமே ஆயிரக்கணக்கான மைல் நகர்ந்துவிடுகின்றது.

காற்று எழும் இடம் நடுப் பசிபிக்கிற்குப் பெயர்ந்தால் இறங்கும் இடமும் பெயர வேண்டுமன்றோ? முன்பு எழுந்துகொண்டிருந்த இந்தோனேசியாவிலும், வட ஆஸ்திரேலியாவிலும், பலமுறை இந்தியாவின் மேலும் காற்று இறங்கத் தலைப்படுகின்றது. இறங்கும் காற்று மேகத்தைத் திரள விடாது. நம் நாட்டுத் தென்மேற்குப் பருவமழை மெலிவது இவ்வழியே.

இவ்விளக்கம் எளிதிற் கிடைத்ததன்று. அதன் பின்னே பெரும் பட்டினி ஒன்று நிற்கின்றது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் பேசிய பஞ்சம் 1876-இல் சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் பம்பாய்ப் பக்கத்திலும் தொடங்கியது. அவ்வாண்டின் மழைகள் பொய்த்தன. அடுத்த ஆண்டு, 1877-இல், பசிபிக் பெருங்கடலில் மிகக் கடுமையான எல் நினோ எழுந்தது. தென்மேற்குப் பருவமழை நாட்டின் பெரும்பகுதியில் மீண்டும் பொய்த்தது. ஐம்பது லட்சத்திற்குக் குறையாத மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி, அப்பஞ்சத்தில் கூலிக்கு வந்தோரின் கைகளால் வெட்டப்பட்டதேயாம். அதே காலத்தில் வட சீனத்திலும் வடகிழக்குப் பிரேசிலிலும் மக்கள் மழையின்றி மடிந்தனர். ஒரு நாட்டின் சாவு மற்றொரு நாட்டின் சாவோடு ஒரே கயிற்றால் கட்டப்பட்டிருந்ததை அன்று எவரும் அறிந்திலர். அன்று உணவுத் தானியம் நாட்டைவிட்டுக் கப்பலேறியதையும் இங்குக் கூறாதொழிதல் தகாது. மழையைக் கடல் தடுத்தது. சோற்றைத் தடுத்ததில் மனிதர்க்கும் பங்கு உண்டு.

இந்திய வானிலைத் துறை 1875-இல் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவரான பிளான்போர்டு, இமயத்தின் பனி மிகுந்தால் பருவமழை குறையும் என்று கருதி, அதனைக் கொண்டு மழையை முன்கூட்டிச் சொல்ல முயன்றார். தென் ஆஸ்திரேலியாவின் வானியல் அறிஞர் சார்லஸ் டாட், தம் நாட்டின் வறட்சியும் இந்தியாவின் வறட்சியும் பல சமயம் ஒரே காலத்தில் வருதலை 1888-இல் சுட்டிக் காட்டினார். ஆயினும் 1899-இல் வந்த பெரு வறட்சியை எவரும் முன்னறிந்திலர். அவ்வாண்டும் எல் நினோ ஆண்டே.

1904-இல் அத்துறையின் தலைமையை ஏற்றவர் கில்பர்ட் வாக்கர். இவர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதன்மை பெற்றவர். வானிலையை முறையாகப் பயின்றவரல்லர். நம் நாட்டு வளரியை ஒத்த பூமராங் எனும் எறிகருவி பறக்கும் விதத்தை ஆராய்ந்ததால், அதனையே பட்டப்பெயராகவும் பெற்றவர். அவர் மேற்கொண்ட வழி புதியது. காரணத்தைப் பின்னர்த் தேடலாம். முதலில் உலகின் எந்த ஊர்க் காற்றழுத்தம், எந்த ஊர் வெப்பம், எந்த ஆற்று வெள்ளம் நம் மழையோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றது என்று எண்களைக் கொண்டே பார்ப்போம் என்று அவர் துணிந்தார். இக்காலத்துக் கணிப்பொறி அன்று இல்லை. பேரேடுகளில் ஊர்தோறும் குறித்த எண்களை எடுத்துப் பெருக்கியும் வகுத்தும் கணக்கிட்டவர்கள் அவருடைய அலுவலகத்து இந்திய எழுத்தர்களே. அவர்கள் பெயரை நூல்கள் சொல்வதில்லை. ஆண்டுக்கணக்கான அவ்வுழைப்பின் பயனாக, பசிபிக் பெருங்கடலின் மேல் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்து மகாசமுத்திரத்தின் மேல் தாழ்வதும், இங்கு உயர்ந்தால் அங்குத் தாழ்வதும் புலனாயின. இதற்கு வாக்கர் ‘தெற்கத்திய ஊசல்’ என்று பொருள்படும் பெயரை 1924-இல் இட்டார்.

காரணம் கூறாத எண்களை உலகம் முழுதும் நம்பவில்லை. வாக்கர் 1958-இல் இறந்தார். அதன் பின், 1969-இல், கலிபோர்னியாவில் இருந்த நார்வே நாட்டு அறிஞர் யாக்கப் பியர்க்னெஸ், பெரு மாலுமிகளின் கடல் வெப்பமும் வாக்கரின் காற்றழுத்த ஊசலும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்று விளக்கினார். மேலே நாம் கூறிய காற்றுச் சுழற்சிக்கு ‘வாக்கர் சுழற்சி’ என்று அவரே பெயர் சூட்டினார்.

நிற்க. இனித் தமிழ்நாட்டிற்கு வருவோம். பழந்தமிழர் திசைக்கொரு காற்றிற்குப் பெயர் இட்டனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். இவற்றுள் கொண்டல் என்பது மேகத்திற்கும் பெயராயிற்று. நீரைக் கொண்டு வருவது கொண்டல். தமிழ்நாட்டின் சமவெளிக்கு மழை தரும் காற்று எத்திசையது என்பதை அச்சொல்லே காட்டிவிடுகின்றது. ஆனி முதல் புரட்டாசி வரை மேற்கே வீசும் பருவக்காற்று தன் நீரை மலையாளத்திலும் குடகிலும் மலைச்சரிவில் இறக்கிவிட்டு, நம் பக்கம் பெரிதும் வெறுங்கையோடு வருகின்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலைக் கடந்து வரும் கீழைக்காற்றே நம் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருகின்றது.

எல் நினோ காலத்தில் இக்கொண்டலுக்கு நேர்வது யாது? ஆடி ஆவணியில் இந்தியாவின் மேல் விழுந்த அவ்விறங்கு காற்றின் பாரம், ஐப்பசியளவில் பெரும்பாலும் இந்தோனேசியாவின் மேலும் இந்து மகாசமுத்திரத்தின் கிழக்குப் பகுதியின் மேலும் அழுந்தி நிற்கின்றது. அங்கு இறங்கிய காற்று கடல்மட்டத்தில் மேற்கு நோக்கிப் பரவுகின்றது. மேற்கே ஆப்பிரிக்கப் பக்கத்துக் கடலோ அக்காலத்தில் வெப்பமுற்று, அக்காற்றை ஈர்க்கின்றது. எனவே வங்கக்கடலின் தென்பகுதியில் கீழைக்காற்று வலுப்பெற்று, மிகுந்த ஈரத்தோடு தமிழகக் கரையையும் இலங்கையையும் அடைகின்றது. கோடையை மெலிவித்த கையே கொண்டலுக்கு வலிமை தருகின்றது. லா நினா காலத்தில் இது பெரும்பாலும் தலைகீழாகும்.

அண்மை ஆண்டுகளில் இதனைக் கண்கூடாகக் கண்டோம். 2015-இல் வலிய எல் நினோ. நாட்டின் தென்மேற்குப் பருவமழை நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை நகரம் 104 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெற்றது; 1918-க்குப் பின் எந்த நவம்பரும் அத்துணை மழை கண்டதில்லை. டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்து, அடையாறு கரை கடந்தது. அடுத்த ஆண்டு, 2016-இல், பசிபிக் குளிர்ந்தது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை நூற்றுக்கு 62 பங்கு குறைந்து, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காணாத வறட்சி வந்தது. காவிரிப் படுகையில் சம்பா கருகியது.

2023-ஆம் ஆண்டோ இரு முகத்தையும் ஒருங்கே காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்தியாவில் பெய்த மழை, 1901 முதல் கணக்கிட்ட எந்த ஆகஸ்டிலும் பெய்ததினும் குறைவு. குடகில் மழை குறைந்தது, மேட்டூர் அணை தாழ்ந்தது, காவிரி நீருக்காக இரு மாநிலங்கள் மீண்டும் வழக்காடின, குறுவை வாடியது. டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிலோ பொருநை பாயும் தென்கோடியில் வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அம்மாவட்டம் ஓராண்டு முழுதும் பெறும் சராசரி மழையினும் இது மிகுதி. தண்டவாளத்தின் கீழிருந்த மண் அரிக்கப்பட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்குண்டு கிடந்தனர். குறுவைக்கு நீரில்லாத ஆண்டும், தாமிரபரணிக் கரை மூழ்கிய ஆண்டும் ஒன்றே. ‘எல் நினோ வந்தால் வறட்சி’ என்று மட்டும் அறிந்த ஊரார், ஏரிக்கரையைப் பலப்படுத்த வேண்டிய ஆண்டில் கைகட்டி இருந்துவிடக் கூடும். வாய்க்கால் தூர் வாருவதும், மதகைச் செப்பனிடுவதும் அத்தகைய ஆண்டின் புரட்டாசிக்குள் முடிய வேண்டிய வேலைகள்.

ஆயினும் இதனை இரும்பு விதியாகக் கொள்ளலாகாது. 1997-இல் எழுந்த எல் நினோ அந்நூற்றாண்டின் மிக வலியவற்றுள் ஒன்று. இந்தியாவோ அவ்வாண்டு சராசரி மழையை இழக்கவில்லை. 2002-இல் வந்தது அத்துணை வலியதன்று. எனினும் அவ்வாண்டு ஜூலையில் வழக்கமான மழையில் பாதியளவே பெய்தது. இம்முரண்பாட்டிற்கு இரு விளக்கங்கள் உண்டு. ஒன்று, வெப்பம் பெரு நாட்டுக் கரையை ஒட்டி மிகுவதினும் நடுப் பசிபிக்கில் மிகுதல் நமக்குக் கேடு என்பது. மற்றொன்று, நம் இந்து மகாசமுத்திரத்திற்கும் தனக்கென ஓர் ஊசல் உண்டு என்பது. சில ஆண்டுகளில் அதன் மேற்குப் பகுதி வெப்பமுற்றுச் சுமத்திராவை ஒட்டிய பகுதி குளிர்கின்றது. அப்போது நம் பருவமழைக்கு அது கைகொடுக்கின்றது. 1997-இல் நிகழ்ந்தது அதுவே. சாஜி, கோஸ்வாமி, விநயசந்திரன், யமகாதா என்னும் நால்வர் 1999-இல் இதனை ‘இரு முனை’ நிலை என்று விளக்கினர். நம் வடகிழக்கு மழையிலும் விலக்கு உண்டு. 2021 லா நினா ஆண்டு. ஆயினும் தமிழ்நாட்டில் மழை நூற்றுக்கு 59 பங்கு மிகுந்து பெய்தது. 2018-இன் இறுதியில் மெல்லிய எல் நினோ தலைகாட்டியும் மழை குறைந்தது. 2019-இன் கோடையில் சென்னைக்கு ரயிலில் குடிநீர் வந்தது.

இக்காலத்தில் பசிபிக் பெருங்கடலைக் கண்காணிக்க, பூமத்திய ரேகையை ஒட்டி ஏறத்தாழ 70 மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தும் வேலை 1994-இல் முடிந்தது. நீருக்கு அடியில் 500 மீட்டர் ஆழம் வரை வெப்பத்தை அளந்து, விண்கலத்தின் வழியே செய்தி அனுப்புதல் அவற்றின் தொழில். மேற்கிலிருந்து வெந்நீர் அடியாழத்தில் கிழக்கே நகர்வதை, அது மேற்பரப்பில் தோன்றுதற்குச் சில மாதம் முன்னரே இவற்றால் அறியலாகும். ஆனால் மார்ச்சு முதல் மே வரையுள்ள மாதங்களில் கடலின் நிலை எப்பக்கமும் சாயக் கூடியது; அப்போது செய்யும் கணிப்புகள் எளிதில் பிழைபடுகின்றன. தென்மேற்குப் பருவமழையைப் பற்றி இந்திய வானிலைத் துறை முதல் அறிக்கை விடுப்பதோ ஏப்ரலில். அக்டோபரிலோ கடல் ஒரு பக்கம் துணிந்து நின்றிருக்கும். ஆதலின் நம் கொண்டல் மழைக்குரிய குறி, வடவர்க்குரிய மழைக் குறியினும் தெளிவாகக் கிடைக்கின்றது. கிடைத்தும், அது பருவம் முழுமைக்கும் உரிய மழையளவைப் பற்றியதே. நம் மழை மூன்று மாதமும் சீராகப் பெய்வதன்று. வங்கக்கடலில் தோன்றும் சில தாழ்வு நிலைகளும் புயல்களும் இரண்டு மூன்று நாளில் கொட்டிவிட்டுப் போவது. அவற்றுள் ஒன்று கடலூரில் கரையேறுமா, காயலில் நிற்குமா என்பதைப் பசிபிக் பெருங்கடல் சொல்லாது. அதற்குச் சில நாள் முன்னர் ராடாரும் விண்கலமும் தரும் செய்தியையே நோக்க வேண்டும்.